வயதான பெற்றோர் எங்கே, யாருடன் இருப்பது நல்லது? திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

திருச்சியில் ஒரு மூத்த குடிமக்கள் சங்கத்தில் மாலை வேளைகளில் மனு எழுதிக் கொடுக்கிறேன், ஓய்வூதியப் படிவம் நிரப்பித் தருகிறேன். மனுவை மடித்துப் பையில் வைத்துவிட்டு எழுந்திருக்கும்போதுதான் பலரும் மனதில் இருக்கும் கேள்வியைக் கேட்பார்கள். பாதி பெரியவர்களுடையது, மீதி வெளியூரிலிருந்து லீவில் வந்திருக்கும் பிள்ளைகளுடையது. கேட்ட வாக்கிலேயே கேள்விகளை இங்கே போட்டிருக்கிறேன். நான் டாக்டரும் இல்லை, வக்கீலும் இல்லை. சட்டம் பற்றிச் சொல்லியிருப்பது பொது விவரம். உங்கள் பத்திரத்தைப் படித்துச் சொல்ல ஒரு வக்கீல் வேண்டும்.

"பிள்ளைங்களோட இருந்தாத்தானே பெரியவங்க சந்தோஷமா இருப்பாங்க? இதுல கேள்வி என்ன இருக்கு?"

பொதுவாகப் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. 2017-18ல் நாடு முழுக்க 45 வயதைத் தாண்டிய சுமார் 72,000 பேரிடம் 'லாசி' என்ற முதுமை ஆய்வு நடந்தது. தனியே வசிக்கும் முதியோரிடம் மனச்சோர்வு கூடுதலாகவும் வாழ்க்கைத் திருப்தி குறைவாகவும் இருப்பதை அந்த விவரங்கள் காட்டுகின்றன. கணவன், மனைவி, பிள்ளைகள் என்று சேர்ந்திருக்கும் வீடுகளில் நிலைமை மேல்.

ஆனால் தனியே வசிப்பவர்கள் யார் என்று பாருங்கள். பெரும்பாலும் கணவரை இழந்த பெண்கள். கையில் காசு குறைவு, உடம்பில் வலி அதிகம். இத்தனை துயரத்தையும் தனி வீட்டின் கணக்கில் எழுதிவிட முடியாது. மகன் வீட்டில் ஆறு பேருக்கு நடுவே, டிவி ரிமோட்டைக் கேட்கக்கூடத் தயங்கி உட்கார்ந்திருக்கும் பெரியவர்களைத் தெரியும். ஸ்ரீரங்கத்தில் ஒற்றை அறையில் இருந்துகொண்டு, விடியற்காலை அம்மா மண்டபத்தில் குளியல், சாயந்திரம் கோயில் பிராகாரத்தில் நான்கு பேரோடு அரட்டை என்று திருப்தியாக இருப்பவர்களையும் தெரியும். யாரோடு இருக்கிறார் என்பதற்கு முன்னால், அந்த ஏற்பாட்டை முடிவு செய்தது யார் என்று கேட்பது என் வழக்கம். கீழே வரும் பல பதில்களும் இதையே சுற்றி வரும்.

"அப்பா தனியா இருக்கார். கேட்டா 'நல்லா இருக்கேன்'னுதான் சொல்றார். நிஜமா எப்படி இருக்கார்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

போனில் தெரியாது. "நல்லா இருக்கேன்ப்பா, நீ சாப்பிட்டியா?" என்பது அப்பாக்கள் எல்லாருக்கும் மனப்பாடம். தனிமையை அளக்க ஆய்வாளர்கள் மூன்றே கேள்வி கொண்ட ஒரு முறையை வைத்திருக்கிறார்கள். பேச்சுத்துணை இல்லை என்று தோன்றுகிறதா, உங்களை விட்டுவிட்டு மற்றவர்கள் போய்விட்ட மாதிரி இருக்கிறதா, எல்லாரிடமிருந்தும் விலகிப்போன மாதிரி இருக்கிறதா. ஒவ்வொன்றுக்கும் 'அநேகமாக இல்லை' என்றால் 1, 'சில நேரம்' என்றால் 2, 'அடிக்கடி' என்றால் 3. கூட்டினால் 6 அல்லது அதற்கு மேல் வந்தால் தனிமை வாட்டுகிறது என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். பரீட்சை மாதிரிக் கேட்காதீர்கள். காபி குடிக்கும்போது பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள்.

அதைவிட நேரில் போய் இரண்டு நாள் தங்கினால் வீடே சொல்லிவிடும். ஒரே குழம்பு மூன்று நாளாகச் சூடாகிக்கொண்டிருக்கும். மாத்திரை அட்டையில் நடுவில் நடுவில் பிரிக்காத குழிகள் இருக்கும். அம்மாவாக இருந்தால் வாசலில் கோலம் போடுவது நின்றிருக்கும். பேப்பர் பிரிக்கப்படாமல் திண்ணையில் அடுக்கியிருந்தால், அது கண் பிரச்சினையாகவும் இருக்கலாம், மனப் பிரச்சினையாகவும் இருக்கலாம். முதலில் கண் டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.

"அப்பா காரியம் முடிஞ்ச கையோட அம்மாவை எங்களோட சென்னைக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்னு இருக்கோம். சரிதானே?"

அவசரப்படாதீர்கள். கணவர் போன அதே மாதத்தில் வீடு, தெரு, பூக்காரம்மா, எதிர்வீட்டு மாமி என்று எல்லாவற்றையும் பிடுங்கினால் இழப்பு இரட்டிப்பாகும். முடிந்தால் வருஷாப்திகம் (முதலாண்டுத் திதி) வரையாவது ஊர் வீட்டைக் காலி செய்யாமல் வையுங்கள். அதற்குள் அம்மா ஒரு மாதம் சென்னை, இரண்டு மாதம் ஊர் என்று போய்வரட்டும். வாடகைக்கு விட்டுவிட்டாலோ விற்றுவிட்டாலோ திரும்பிப் போக இடம் இல்லை என்று ஆகிவிடும். அதன் பிறகு அவர் சொல்லும் "இங்கேயே இருக்கேன்" என்பதற்குச் சம்மதம் என்று பெயர் இல்லை.

சென்னைக்கு வந்தால் என்ன நடக்கிறது என்று கேட்டிருக்கிறேன். எட்டாவது மாடி. காலை ஒன்பது மணிக்குள் எல்லாரும் கிளம்பிவிடுவார்கள். லிஃப்டில் தனியாக இறங்கப் பயம். பூட்டு நம்பர் போட்டுத் திறக்கும் வகை, அது பழக்கமில்லை. சமையலறையில் பொருள் எதுவும் அவர் வைக்கும் இடத்தில் இல்லை. ஐம்பது வருடம் ஒரு வீட்டை நடத்தியவர், சாயந்திரம் ஆறு மணி வரை விருந்தாளி மாதிரி சோபாவில் உட்கார்ந்திருப்பார். கூட்டிப்போவது என்று முடிவானால், அவருக்கென்று ஒரு சாவி, ஒரு அலமாரி, தனியாகப் போய்வரக்கூடிய ஒரு கோயிலோ பூங்காவோ, பொறுப்பாக ஒரு வேலை, இவற்றை முதல் வாரத்திலேயே ஏற்பாடு செய்யுங்கள். "நீ ஒண்ணும் செய்ய வேணாம்மா, ரெஸ்ட் எடு" என்பது அன்பில் சொல்வதுதான். கேட்பவருக்கு அது வேறு மாதிரிக் காதில் விழும்.

"நாங்க மூணு பேர். மூணு மூணு மாசம் முறை வச்சுப் பார்த்துக்கிறோம். யாருக்கும் பாரம் இல்ல."

உங்கள் மூன்று பேருக்கும் பாரம் இல்லை, உண்மைதான். முறை வைத்துப் பார்க்கும் வீடுகளில் பெரியவரின் கட்டிலுக்கு அடியில் ஒரு பை இருக்கும். நான்கு புடவை, மாத்திரை டப்பா, ஆதார் நகல், டாக்டர் சீட்டு. அலமாரியில் எடுத்து அடுக்கவே மாட்டார். எப்படியும் திரும்பக் கட்ட வேண்டும். கடைசி வாரத்தில் "அடுத்தது சின்னவன் முறை" என்ற பேச்சு அவர் காதுபடவே நடக்கும்.

நடைமுறைச் சிக்கலும் உண்டு. 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021ல் தொடங்கியதிலிருந்து பி.பி., சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊர் மாறினால் அந்தத் தொடர்ச்சி அறுந்துபோகும். பார்க்கும் டாக்டரும் மாறுவார், மாத்திரையும் மாறும். முடிந்தவரை பெரியவர் ஓர் இடத்தில் இருக்கட்டும், மற்ற இருவரும் பணமாகவும் நேரமாகவும் பங்கு கொடுங்கள். பெரியவர்கள் முறையில் போய்வருவதற்குப் பதில், பிள்ளைகள் முறை போட்டு ஊர் வீட்டுக்கு வந்து தங்கிப்போகும் குடும்பங்களும் இருக்கின்றன. சிரமம்தான், ஆனால் நன்றாக நடக்கிறது.

"அம்மா எங்க வீட்ல, அப்பா அண்ணன் வீட்ல. செலவு சமமாப் போகும்ல?"

இதற்கு மட்டும் நான் வழவழவென்று பதில் சொல்வதில்லை. வேண்டாம். தினமும் சண்டை போட்டுக்கொள்ளும் தம்பதியாக இருந்தாலும் சரி, அவர்களே கேட்டாலொழியப் பிரிக்காதீர்கள். செலவைப் பங்கு போட வேறு வழி ஆயிரம் இருக்கிறது.

"பொண்ணு வீட்ல போய் இருக்கலாமா? சம்பந்தி வீட்ல என்ன நினைப்பாங்க, ஊர்ல என்ன பேசுவாங்க?"

ஊர் இப்போது அவ்வளவாகப் பேசுவதில்லை, அநேகம் பேர் தாங்களும் மகள் வீட்டில்தான் இருக்கிறார்கள். சட்டமும் பராமரிக்கும் கடமையில் மகன், மகள் என்று வித்தியாசம் பார்ப்பதில்லை. உண்மையான தடை கூச்சம். மகளிடம் காசு வாங்கக் கூச்சம், மாப்பிள்ளை முன்னால் கால் நீட்டி உட்காரக் கூச்சம். பென்ஷனிலிருந்து மாதம் ஒரு தொகையைப் பால், மளிகைக் கணக்கில் போட்டுவிட்டால் பாதிக் கூச்சம் போய்விடும். மாப்பிள்ளையின் பெற்றோர் அதே வீட்டில் இருந்தால் மட்டும் முதலில் அவர்களிடம் வாய்விட்டுப் பேசிவிடுங்கள்.

"மாமியாரோட ஒரே சமையலறையில என்னால முடியல. தனியா அடுப்பு வச்சுக்கட்டும்னு சொன்னா நான் கெட்டவளா?"

இல்லை. நம் கிராமங்களில் வெகுகாலமாக இருக்கும் ஏற்பாடுதான் இது. மகன் வீட்டை ஒட்டி ஒரு சின்ன வீடு, தனி உலை. மீன் குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் அங்கே போகும், முருங்கைக்கீரை ஆய்ந்தால் பாதி இங்கே வரும். பேரன் இரண்டு வீட்டிலும் சாப்பிடுவான். கணக்கெடுப்பில் இந்தப் பாட்டி 'தனியாக வசிப்பவர்' என்றுதான் பதிவாவார். முதல் பதிலில் எண்களை அப்படியே நம்ப வேண்டாம் என்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

நகரத்தில் இதையே மேல் வீடு, கீழ் வீடு என்று வைக்கலாம், அல்லது அதே தெருவில் இன்னொரு வாடகை வீடு. ஆனால் இதை நீங்கள் சொல்வதைவிட உங்கள் கணவர் சொல்வது நல்லது. சண்டை நடந்த மறுநாள் சொன்னால் விரட்டிவிட்டது போல் ஆகும். முதியோர் உதவித்தொகையாக மாதம் 1,200 ரூபாய் வந்தால் அது முழுக்க அவர் கையிலேயே இருக்கட்டும். அந்தக் காசில் பேரனுக்கு முறுக்கு வாங்கிக் கொடுக்கும்போது அவருக்கு வரும் தெம்பை நீங்களே பார்க்கலாம்.

"அமெரிக்காவுக்குக் கூட்டிட்டுப் போயிட்டா பிரச்சினை தீர்ந்துடாதா?"

வருகையாளர் விசாவில் போனால் பெரும்பாலும் ஒரு தடவைக்கு ஆறு மாதம்தான் தங்க விடுவார்கள். பேரப்பிள்ளை பிறந்த சமயத்துக்கு அது சரி. நிரந்தரமாக என்றால் மேலே சென்னைக்குச் சொன்னது அத்தனையும் பொருந்தும், பனியையும் கார் ஓட்டத் தெரியாததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வருகையாளருக்கான மருத்துவக் காப்பீடு, ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்குப் பெரும்பாலும் கைகொடுக்காது. 75 வயது இதய நோயாளியைக் கூட்டிப்போகுமுன் பாலிசியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள்.

"ஆள் போட்டாச்சு, ஹால்ல கேமராவும் வச்சாச்சு. இன்னும் என்ன?"

அந்த ஆள் வராத நாளில் என்ன என்பதை யோசித்தீர்களா? மாற்று ஆள் யார், பக்கத்து வீட்டில் மறு சாவி இருக்கிறதா, ராத்திரி இரண்டு மணிக்கு ஆம்புலன்ஸ் வந்தால் கேட்டைத் திறப்பது யார். இவற்றை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி பிரிட்ஜ் மேல் ஒட்டுங்கள்.

கேமரா வைக்கலாம், பெரியவரிடம் கேட்டுவிட்டு. படுக்கையறையில் வேண்டாம். துபாயிலிருந்து ஒரு பையன் கேமராவில் பார்த்துவிட்டு, "ஏம்மா இன்னும் சாப்பிடல?" என்று ஸ்பீக்கரில் கேட்க, அந்த அம்மா அன்றிலிருந்து ஹாலுக்கே வருவதில்லை. பகல் பொழுதுக்கு மனிதர்கள் வேண்டும். 2025-26 பட்ஜெட்டில் தமிழக அரசு 25 'அன்புச்சோலை' மையங்களை அறிவித்தது. பகலில் போய் இருந்துவிட்டு இரவு வீட்டுக்கு வந்துவிடலாம். உங்கள் ஊரில் உண்டா என்று மாவட்ட சமூகநல அலுவலகத்தில் கேளுங்கள்.

"முதியோர் இல்லத்துல சேர்த்தா பாவம் இல்லையா?"

எதைச் சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஆதரவற்றோருக்கான இலவச இல்லம் வேறு, மாதக் கட்டணம் வாங்கும் இல்லம் வேறு, கோயம்புத்தூர் பக்கம் நிறைய வந்திருக்கிறதே, அந்த ஓய்வுகாலக் குடியிருப்பு வேறு. கடைசி வகையில், பெரியவர்கள் தாங்களே வீடு பார்த்து, தாங்களே பணம் கட்டிக் குடியேறுகிறார்கள். பொதுச் சமையற்கூடம், மாலையில் பஜனை, சீட்டுக்கட்டு, ஆம்புலன்ஸ் வாசலில். விரும்பிப் போனவர்களில் பலர் திரும்பி வர மறுக்கிறார்கள். "டாக்டரைப் பார்க்கலாம்" என்று காரில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்கிவிட்டு வருவதைத்தான் பாவம் என்பேன்.

"சரி, ஒரு இடம் பார்த்திருக்கோம். பணம் கட்டறதுக்கு முன்னாடி எதைக் கேக்கணும்?"

இப்போது இருக்கும் வசதியை அவர்களே காட்டிவிடுவார்கள். நடக்க முடியாமல் போனால் இதே அறையில் வைத்துப் பார்ப்பீர்களா, மறதி நோய் வந்தால்? இதற்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். பல இடங்களில் 'தன் வேலையைத் தானே செய்துகொள்பவர்' என்ற நிபந்தனை ஒப்பந்தத்தின் உள்ளே எங்கோ இருக்கும். அடுத்தது டெபாசிட். எத்தனை நாளில் திரும்பும், எவ்வளவு பிடித்துக்கொள்வார்கள், பராமரிப்புக் கட்டணம் ஆண்டுக்கு எவ்வளவு ஏறும். வீடே வாங்குவதாக இருந்தால், இருவரில் ஒருவர் போன பிறகு மற்றவர் தொடர்ந்து இருக்கலாமா, வாரிசு அதை யாருக்கு விற்கலாம் என்பதையும் கேளுங்கள்.

பிறகு சொல்லாமல் ஒரு மதியம் போய் அங்கே சாப்பிடுங்கள். சாம்பாரைவிட, பரிமாறுபவர் பெரியவர்களை எப்படிக் கூப்பிடுகிறார் என்பதைக் கவனியுங்கள். வாங்குவதற்கு முன் ஒரு மாதமாவது வாடகைக்கு இருந்து பார்க்கச் சொல்வேன்.

"வீட்டை இப்பவே பையன் பேருக்கு எழுதிட்டா, கடைசி வரைக்கும் நல்லாப் பார்த்துப்பான்ல?"

பார்த்துக்கொள்பவன் எழுதாவிட்டாலும் பார்த்துக்கொள்வான். உயில் என்றால் உயிருள்ளவரை வீடு உங்களுடையது, எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். செட்டில்மெண்ட், அதாவது இப்போதே சொத்தைக் கொடுத்துவிடும் பத்திரம், எழுதிப் பதிந்து பையனும் ஏற்றுக்கொண்டால், நீங்களாக ரத்து செய்ய முடியாது. எழுதியே தீர வேண்டும் என்றால், ஆயுள் வரை அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையைத் தக்கவைத்து, 'என்னைப் பராமரிக்க வேண்டும்' என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

காரணம், பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007, பிரிவு 23. பராமரிக்கும் நிபந்தனையோடு சொத்தைக் கொடுத்து, வாங்கியவர் பராமரிக்கவில்லை என்றால், அந்தப் பரிமாற்றம் செல்லாது என்று இந்தச் சட்டப்படி அமைந்த தீர்ப்பாயம் அறிவிக்கலாம். நிபந்தனை இருந்தது என்பதைக் காட்டியாக வேண்டும் என்று 2022ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் வந்த இன்னொரு தீர்ப்பு, முதியோருக்குச் சாதகமாக இந்தச் சட்டத்தைத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும், தேவைப்பட்டால் வீட்டைக் காலி செய்து ஒப்படைக்கவும் உத்தரவிடலாம் என்றது. இருந்தாலும், எழுபத்தெட்டு வயதில் கோர்ட் படி ஏறுவதைவிட, பத்திரத்தில் இரண்டு வரி கூடுதலாக எழுதுவது சுலபம்.

"பையன் சோறே போடல. ஆனா புகார் கொடுத்தா உறவு அத்துப்போயிடுமே?"

இந்தத் தயக்கத்திலேயே வருடங்களை ஓட்டியவர்கள் உண்டு. முதல் படி 14567 என்ற முதியோர் உதவி எண்ணாக இருக்கலாம். கூப்பிட்டதுமே வழக்காகிவிடாது, கேட்டுவிட்டு வழி சொல்வார்கள். அடுத்தது, மேலே சொன்ன பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் (ஆர்.டி.ஓ.) மனு. தீர்ப்பாயத்துக்குத் தலைவர் அவர்தான், வக்கீல் இல்லாமல் நீங்களே கொடுக்கலாம். முதலில் சமரசத்துக்குத்தான் பார்ப்பார்கள். நோட்டீஸ் போனதிலிருந்து 90 நாளில் முடிக்க வேண்டும் என்பது சட்டம், 30 நாள் வரை நீட்டிக்கலாம். பராமரிப்புத் தொகைக்கு மாதம் 10,000 ரூபாய் என்று உச்சவரம்பு இருக்கிறது.

உறவு என்ன ஆகும்? அதிகாரி கூப்பிட்டுப் பேசியதிலேயே வழிக்கு வந்த பிள்ளைகள் உண்டு, முகத்தில் விழிக்காமல் போனவர்களும் உண்டு. இரண்டாவது நடந்தால் என்ன செய்வது என்பதை மனு கொடுக்கும் முன்பே யோசித்துவிடுங்கள். உத்தரவு வந்தாலும் அதே வீட்டில்தான் இருக்கப்போகிறீர்களா, தனியாகவா?

"எங்களுக்குப் பிள்ளைங்களே இல்ல. எங்க கதி?"

பிள்ளை இருப்பவர்கள் எழுபதுக்கு மேல் யோசிப்பதை நீங்கள் அறுபதில் யோசித்துவிடுவீர்கள், அது ஒரு வகையில் வசதி. உங்கள் சொத்துக்கு வாரிசாக வரப்போகும் உறவினரிடமிருந்தும் மேலே சொன்ன சட்டப்படி பராமரிப்புக் கேட்கலாம். மருத்துவமனையில் கையெழுத்துப் போட ஒருவரை இப்போதே பேசி வையுங்கள். அவர் வயது உங்கள் வயதாக இருக்க வேண்டாம்.

"அம்மாவுக்கு மறதி வந்துடுச்சு. கேஸை அணைக்க மறக்கிறாங்க, ஆனா வீட்டை விட்டு வரமாட்டேங்கிறாங்க. அவங்க இஷ்டம்தான் முக்கியம்னு சொன்னீங்களே, இப்பவுமா?"

முதலில் அது மறதி நோய்தானா என்று பாருங்கள். தைராய்டு, பி12 குறைவு, மனச்சோர்வு, சில தூக்க மாத்திரைகள் எல்லாமே மறதி மாதிரி காட்டும், சரிசெய்யவும் முடியும். சென்னையில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் முதியோர் நலப் பிரிவு இருக்கிறது. கிண்டியில் 2024ல் தேசிய முதியோர் நல மையமும் திறந்திருக்கிறது.

நோய்தான் என்று உறுதியானால் 'எல்லாம் அவர் இஷ்டம்' என்று விட முடியாது. அதற்காக எல்லாவற்றையும் பறிக்கவும் வேண்டாம். கேஸை எடுத்துவிட்டு, தானாக அணையும் இண்டக்‌ஷன் அடுப்பு வைத்துச் சில மாதம் ஓட்டலாம். பகலுக்கு ஓர் ஆள், பிறகு இரவுக்கும். தெருவில் வழி தவறிப்போக ஆரம்பித்தால், அல்லது இரவில் எழுந்து கதவைத் திறந்தால், இடம் மாற்றித்தான் ஆக வேண்டும். எங்கே என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். எந்தப் புடவை, எந்தச் சாமி படம், காபி எத்தனை மணிக்கு என்பதை அவரே சொல்லட்டும். அவருடைய கட்டிலையும் தலையணையையும் கொண்டுபோங்கள், புதிது வாங்காதீர்கள். மாற்றும் நாள் காலை நேரமாக இருக்கட்டும். சாயந்திரத்தில் இவர்களுக்குக் குழப்பம் கூடும்.